நாளை வேலை உண்டா?
அண்டி ஆபீஸ்களும் ஓர் அச்சத்தின் வரலாறும்

வரலாறு எழுதுவோர் ஆலைகள் திறக்கப்பட்ட ஆண்டைக் குறித்து வைக்கின்றனர். மூடப்பட்ட ஆண்டையும் குறித்து வைக்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில், மூடிவிடுவார்களோ என்ற எண்ணத்தோடு மக்கள் கழித்த ஆயிரமாயிரம் மாலைப்பொழுதுகள் எந்த ஏட்டிலும் இடம்பெறுவதில்லை. வேலை போய்விட்டால் அது ஒரு நிகழ்ச்சி. அதற்கு நாளும் நேரமும் உண்டு. வேலை போய்விடுமோ என்ற அச்சத்திற்கோ நாளும் இல்லை, நேரமும் இல்லை. அது அடுக்களையில் அரிசி அளக்கும்போது வரும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எண்ணும்போது வரும். இரவில் உறக்கத்தைக் கலைக்கும்.

மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இந்த அச்சத்திற்கு நெடுநாளைய இருப்பிடம் ஒன்று உண்டு. அதுதான் முந்திரிப்பருப்பு ஆலை. மக்கள் வழக்கில் 'அண்டி ஆபீஸ்'. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் பாட்டி, தாய், மகள் என மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே ஆலையில் உழைத்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: நாளைக்கு வேலை உண்டா? இந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது, யார் யாருடைய முடிவுகள் அதற்கு விடையளித்து வந்தன, நம் மக்கள் அதை எப்படித் தாங்கினார்கள் என்பதைச் சற்று ஆராய்வோம்.

மரம் வந்த வழி

முந்திரி நம் மண்ணின் மரமன்று. பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் அதை நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். நம் கடற்கரையில் நற்செய்தி பரவிய அதே நூற்றாண்டில், அதே நாட்டவரின் கப்பல்களில் இம்மரமும் வந்தது. பிரேசில் பழங்குடியினர் அதற்கு வழங்கிய பெயரே போர்த்துக்கீசிய நாவில் 'கஜு' ஆகி, மலையாளத்தில் 'கசுமாவு' ஆயிற்று. பறங்கியர் கொணர்ந்ததால் 'பறங்கிமாவு' என்றும் சொன்னார்கள். நம் பக்கத்தில் 'கொல்லாமாவு' என்ற பெயர் நிலைத்தது. பழத்துக்கு வெளியே, அதன் நுனியில் முந்திக்கொண்டு நிற்கும் கொட்டையைக் கண்டவர்கள் 'முந்திரி' என்றனர் போலும்.

ஏறத்தாழ முந்நூறு, நானூறு ஆண்டுகள் இம்மரம் மேட்டு நிலங்களிலும் மணற்பாங்கான இடங்களிலும் அவ்வளவாகக் கவனிப்பாரின்றி நின்றது. வறுத்துத் தின்பதற்கும் சந்தையில் கொஞ்சம் விற்பதற்கும் மேலாக அதற்குப் பெரிய பயன் காணப்படவில்லை. 1920களில்தான் நிலைமை மாறியது. அமெரிக்க நாட்டில் முந்திரிப்பருப்புக்குத் தேவை பெருகியது. கப்பலில் போகும் வழியில் பருப்பு வண்டடித்துப் போகாமலிருக்க, தகர டின்களில் காற்றை நீக்கிக் கரியமில வாயுவை நிரப்பி அடைக்கும் முறை கைவந்தது. மங்களூரிலும் கொல்லத்திலும் ஆலைகள் எழுந்தன. காயலும் துறைமுகமும் இரயில் பாதையும் குறைந்த கூலிக்கு ஆட்களும் கிடைத்த கொல்லம், விரைவிலேயே இத்தொழிலின் தலைநகராயிற்று.

கைகளின் வேலை

இத்தொழில் நெடுங்காலம் இயந்திரத்திற்கு அடங்காமல் இருந்தது. முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் தோலை அரித்துப் புண்ணாக்கும் ஓர் எண்ணெய் உண்டு. கொட்டையை முதலில் வறுத்தோ அவித்தோ ஓட்டை நொறுங்கத்தக்கதாக்க வேண்டும். அடுத்து ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, பருப்பு உடையாமல் ஓட்டைத் தட்டி உடைக்க வேண்டும், இதுவே 'தல்லு'. பின்னர் பருப்பைச் சூடேற்றி உலர்த்தி, மேலுள்ள செந்தோலை நகத்தாலும் சிறு கத்தியாலும் நீக்குவது 'பீலிங்'. இறுதியாக அளவும் நிறமும் பார்த்துத் தரம் பிரிப்பது 'கிரேடிங்'. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை முழுப்பருப்பு என்பதே தரத்தின் பெயர்: 180, 210, 240, 320 என்று போகும். எண் சிறிதாக இருந்தால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. உடைந்த பருப்புக்கு விலை குறைவு. ஆகவே விரல்களின் நிதானத்திலேயே முதலாளியின் இலாபம் அடங்கியிருந்தது.

இந்த வேலை ஏறக்குறைய முழுவதும் பெண்களின் வேலை. சாம்பலையோ எண்ணெயையோ கையில் பூசிக்கொண்டு தல்லினாலும் விரல்கள் கறுத்து, தோல் உரிந்துபோகும். தல்லுக்கும் பீலிங்குக்கும் எடைக்கணக்கில் கூலி. நம் கட்டுரையின் பொருளைப் பொறுத்தவரை இந்த எடைக்கணக்கு மிக முக்கியமானது. கொட்டை வந்தால் எடை உண்டு. எடை இருந்தால் கூலி உண்டு. கொட்டை வராத நாளில் தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்படுவதில்லை. அவரை யாரும் போகச் சொல்வதும் இல்லை. தட்டில் ஒன்றும் விழுவதில்லை, அவ்வளவே. கடிதம் இல்லாமல், காரணம் சொல்லாமல், ஒருவரை வேலையற்றவராக்கும் ஏற்பாடு அது.

எல்லைக்கோடு

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சியின் தென் வட்டங்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நம் மக்கள் நெடுங்காலம் போராடிப் பெற்ற இணைப்பு அது. ஆனால் அந்நாளில் களியக்காவிளையில் விழுந்த கோடு, ஆளுவோர் நினைத்துப் பார்த்திராத வேறொரு வேலையையும் செய்தது.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நாடு முழுமைக்கும் பொது. ஆனால் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கூலி என்பதை அந்தந்த மாநில அரசே தீர்மானித்தது. கொல்லத்தில் 1930களின் பிற்பகுதியிலிருந்தே முந்திரித் தொழிலாளர் சங்கங்கள் வேரூன்றியிருந்தன. அவற்றின் போராட்டங்களால் கேரளத்தில் கூலி உயர்ந்தது. பஞ்சப்படி, வருங்கால வைப்புநிதி, மகப்பேற்று உதவி என்பவையெல்லாம் கேட்டுப் பெறும் உரிமைகளாயின. எல்லைக்கு இப்புறம் அத்தகைய சங்க வலிமை இல்லை, கூலியும் குறைவு. கொல்லத்திலிருந்து மார்த்தாண்டம் சுமார் 100 கிலோமீட்டர். ஒரு லாரி ஓரிரவில் எளிதில் கடக்கும் தூரம்.

கேரளத்து ஆலை அதிபர் பலர் இரு வழிகளைக் கையாண்டனர். ஒன்று, ஆலையை மூடிவிட்டுக் கொட்டையை வீடுகளுக்குக் கொடுத்து உடைத்து வாங்குவது. 'குடிவறுப்பு' எனப்பட்ட இம்முறையைக் கேரள அரசு 1960களில் தடுக்க முற்பட்டது. மற்றது, கொட்டையை எல்லை தாண்டி அனுப்புவது. இவ்வாறே விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் அண்டி ஆபீஸ்கள் பெருகின. ஓலைக்கூரையும் ஒரு வறுப்புக்கூடமும் ஒரு களமும் இருந்தால் ஆலை தொடங்கிவிடலாம். அப்படி எளிதாகத் தொடங்கக்கூடியதை அதே எளிமையோடு மூடவும் முடியும் என்பதை நம் மக்கள் பின்னரே அறிந்தனர்.

இங்கே ஒரு கசப்பான உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மார்த்தாண்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வேலை, கொல்லத்தில் இன்னொரு பெண் இழந்த வேலை. இருவரும் ஏழைகள்; ஒரு தலைமுறைக்கு முன்னர் ஒரே அரசரின் குடிமக்கள். இழந்தவரின் துயரத்திற்குக் கேரள அரசு ஓரளவு விடை தேடியது. 1969இல் கேரள மாநில முந்திரி வளர்ச்சிக் கழகத்தை நிறுவி, மூடிய ஆலைகள் பலவற்றைத் தானே ஏற்று நடத்தியது. 1984இல் கூட்டுறவு அமைப்பு ஒன்றையும் தோற்றுவித்தது. குமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட அரசு ஆலைகளின் வரிசை உருவாகவில்லை. இங்கே வேலையைக் கொண்டுவந்தது குறைந்த கூலி. ஆகவே கூலியை உயர்த்திக் கேட்கும் ஒவ்வொரு முறையும், 'கேட்டால் ஆலை வேறு ஊருக்குப் போய்விடும்' என்ற பதில் காற்றிலேயே மிதந்தது. அச்சம், கூலியைக் குறைத்து வைக்கும் கருவியாகவும் பயன்பட்டது.

கடலுக்கு அப்பால்

நம் நாட்டு மரங்கள் தரும் கொட்டை நம் ஆலைகளுக்குப் போதாது. பெப்ரவரி முதல் மே வரையுள்ள அறுவடைக் காலம் முடிந்ததும் ஆலைகளை இயக்கியவை ஆப்பிரிக்கக் கொட்டைகளே. மொசாம்பிக்கும் தான்சானியாவும் 1970களின் தொடக்கம் வரை பெருமளவில் அனுப்பி வந்தன. 1970இல் இந்திய அரசு இந்த இறக்குமதியை முந்திரிக் கழகம் ஒன்றின் வழியாக மட்டுமே நடைபெறச் செய்தது. பின்னர் அங்கே நிகழ்ந்தவை நம் மாவட்டத்தின் அடுப்புகளைத் தொட்டன. மொசாம்பிக் 1975இல் விடுதலை பெற்றது. விரைவிலேயே உள்நாட்டுப் போரில் சிக்கியது. தான்சானியாவில் மக்களைப் புதிய கிராமங்களில் குடியேற்றிய திட்டத்தால் தோப்புகள் கவனிப்பாரற்றுப் போயின. மேலும், அந்நாடுகள் தங்கள் கொட்டையைத் தாங்களே உடைத்து விற்க விரும்பின. அது அவர்களுடைய நியாயமான உரிமை. எனினும் கொட்டை வரத்துக் குறைந்ததால், இங்கே ஆண்டில் வேலை கிடைக்கும் நாட்கள் சுருங்கின. கப்பல் வரவில்லை என்பது அண்டி ஆபீஸ் வாசலில் சொல்லப்படும் காரணமாயிற்று.

1990களில் காற்று எதிர்ப்பக்கம் வீசியது. மொசாம்பிக்கில் போர் 1992இல் முடிந்தது. உடைக்காத கொட்டையின் ஏற்றுமதி மீதிருந்த வரியைக் குறைக்க வேண்டும் என்று 1995இல் உலக வங்கி அந்நாட்டை வற்புறுத்தியது. வரி குறைந்தால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது வங்கியின் வாதம். வரி குறைந்தது. கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. மொசாம்பிக்கின் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2001ஆம் ஆண்டு அளவில் அங்கே ஏறக்குறைய 11,000 ஆலைத் தொழிலாளரில் 8,000க்கும் மேற்பட்டோர் வேலையிழந்திருந்தனர். விவசாயிக்குக் கிடைத்த ஆதாயமோ மிகச் சிறிது என்று பொருளியல் அறிஞர் பின்னர் கணக்கிட்டுக் காட்டினர்.

கொல்லத்துப் பெண்ணுக்கு மார்த்தாண்டம் எப்படியோ, மொசாம்பிக்கின் பெண்ணுக்கு இந்தியா அப்படி. பிறகு நம் முறையும் வந்தது. வியட்நாம் நாடு கொட்டை உடைக்கும் இயந்திரங்களைத் தானே உருவாக்கி, 2006இல் இந்தியாவை முந்தி உலகின் முதன்மைப் பருப்பு ஏற்றுமதி நாடாயிற்று. கைகளுக்கு மட்டுமே வசப்படும் என்று நினைத்த வேலையை இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. ஆப்பிரிக்கக் கொட்டைக்கு வியட்நாமும் இந்தியாவும் போட்டியிட்டதில் கொட்டை விலை ஏறியது. 2016இல் இந்திய அரசு கொட்டை இறக்குமதிக்கு 5 விழுக்காடு சுங்கவரி விதித்து, 2018இல் அதை 2.5 விழுக்காடாகக் குறைத்தது. 2015இல் கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி திருத்தியமைக்கப்பட்டதை அடுத்த ஆண்டுகளில், கொல்லத்தில் நூற்றுக்கணக்கான தனியார் ஆலைகள் மூடிக் கிடந்தன. இங்கும் பல ஆலைகளில் இயந்திரங்கள் வந்தன. முன்பு நூறு பேர் அமர்ந்த கூடத்தில் சிலர் நின்றால் போதும் என்றாயிற்று.

ஏன் முதலில் நிற்பது கூலியே?

ஆலை அதிபர் எல்லாரும் கல்மனம் படைத்தவர் என்று எண்ணுவது எளிது. அது முழு உண்மையாகாது. இத்தொழிலின் கணக்கையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். கொட்டை கிடைப்பது ஆண்டில் சில மாதங்களே. அந்த மாதங்களில் பெருந்தொகையை வங்கியில் கடனாகப் பெற்று, பல மாதத் தேவைக்கும் வாங்கிச் சேர்க்க வேண்டும். வாங்கிய கொட்டையைப் பருப்பாக்கி விற்பதற்குள் உலகச் சந்தையில் பருப்பின் விலை வீழ்ந்துவிட்டால், உடைக்கும் ஒவ்வொரு மூட்டையிலும் இழப்பு. அப்போது அதிபர் முன்னுள்ள செலவுகள் என்னென்ன? வங்கி வட்டியை நிறுத்த முடியாது. கிடங்கு வாடகையை நிறுத்த முடியாது. கொட்டைக்குக் கொடுத்த விலையைத் திரும்பப் பெற முடியாது. இன்று நிறுத்தி, நாளை தொடங்கக்கூடிய ஒரே செலவு, எடைக்கணக்கில் தரும் கூலிதான்.

ஆகவே உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் முழுவதும் கடைசியில் வந்து இறங்கும் இடம், மிகக் குறைவாகச் சம்பாதிப்பவரின் மடி. நியூயார்க்கிலும் இலண்டனிலும் விலை சரிந்தால் உண்ணாமலைக்கடையிலோ திருவட்டாறிலோ ஒரு வீட்டில் மீன் வாங்குவது நிற்கும். மிகுந்த வருமானம் உள்ளவர் இடரைத் தாங்குவதே முறை. இங்கோ, இடர் முழுவதையும் சுமக்கும்படி ஏழையை ஏற்பாடு செய்துவிட்டு, அவரிடம் சேமிப்பு இல்லையே என்று நாம் வியக்கிறோம்.

சட்டம் கட்டிய குடை

இதற்குச் சட்டத்தில் வழியே இல்லையா? உண்டு. 1953ஆம் ஆண்டு துணி ஆலைகளில் சரக்குத் தேங்கிப் பலர் வேலையின்றி நின்றபோது, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு புதிய அதிகாரம் சேர்க்கப்பட்டது. மூலப்பொருள் இல்லாமையாலோ, சரக்குத் தேக்கத்தாலோ, இயந்திரப் பழுதாலோ வேலை தர முடியாவிட்டால் அது 'கட்டாய ஓய்வு'. அந்நாட்களுக்கு அடிப்படைக் கூலி, பஞ்சப்படி ஆகியவற்றில் பாதியை இழப்பீடாகத் தரவேண்டும் என்றது. வேலையைவிட்டே நீக்கினால் ஒரு மாத முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் உண்டு என்றது.

குடை விரிந்தது, அதன் கீழ் நிற்பவர் யார் என்பதே கேள்வி. சராசரியாக 50 தொழிலாளருக்குக் குறைந்த நிறுவனங்களுக்குக் கட்டாய ஓய்வு இழப்பீட்டு விதி பொருந்தாது. ஆண்டில் சில காலம் மட்டும் நடைபெறும் பருவகாலத் தொழில்களுக்கும் பொருந்தாது. தொழிலாளியின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பெரும்பாலான உரிமைகளுக்கு 12 மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். ஒரு பெரிய ஆலையைத் தாளில் பல சிறிய ஆலைகளாகப் பிரித்தாலோ, 240ஆம் நாளுக்கு முன்னரே நிறுத்திவிட்டாலோ, பெயரையே எழுதாமல் விட்டாலோ, குடை இருக்கும், நனைவதும் நிற்காது. அந்தச் சட்டத்திற்குப் பதிலாக 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நீக்கப்படுவோருக்கு மறுபயிற்சி நிதியாக 15 நாள் ஊதியம் என்ற புதிய ஏற்பாடு அதில் உண்டு. ஆனால் ஆலையை மூட அரசின் முன்அனுமதி பெற வேண்டிய வரம்பை அது 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்த்திவிட்டது. 50 பேர், பருவகாலம் என்ற பழைய வேலிகளும் அகலவில்லை.

ஆதலால் அண்டி ஆபீஸ் பெண்ணின் வாழ்வில் மிகப் பெரிய கேள்வி, 'என் பெயர் ஏட்டில் இருக்கிறதா?' என்பதே. பெயர் இருந்தால் வைப்புநிதி உண்டு; தொழிலாளர் காப்புறுதி மருத்துவமனை உண்டு; பணிக்கொடை கேட்க வழி உண்டு. பெயர் இல்லாதவருக்கு, முப்பது ஆண்டுகள் உழைத்ததற்குச் சான்று கறுத்த விரல்கள் மட்டுமே.

தாங்கிய வழிகள்

நம் மக்கள் இந்த நிலையற்ற வாழ்வை வெறும் கண்ணீரால் எதிர்கொள்ளவில்லை. அவர்கள் கண்ட வழிகளைத் தொகுத்துப் பார்த்தால், அதுவே ஒரு சமூகப் பொருளாதாரப் பாடநூல்.

முதலாவது நிலம். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் திருவிதாங்கூரில் பரப்பிய மரச்சீனி, ஐந்து சென்ட் நிலத்திலும் வளர்ந்து, வேலையில்லா மாதங்களில் குடும்பங்களைக் காத்தது. மரச்சீனியும் சாளை மீனும் இருந்தால் பட்டினி வாசலோடு நின்றுவிடும். இரண்டாவது, சீட்டு. வேலை நடக்கும் மாதங்களில் வாரந்தோறும் கட்டி, நின்றுபோகும் மாதத்தில் எடுப்பது. மூன்றாவது, நகை. காதிலும் கழுத்திலும் கிடந்த சிறு பொன், அலங்காரத்தைவிட அடகுக்காகவே வாங்கப்பட்டது. நான்காவது, மளிகைக்கடைப் பற்று. கடைக்காரரும் ஆலை திறக்கும் நாளையே எதிர்பார்த்திருப்பார்.

ஐந்தாவது வழிக்கு மார்த்தாண்டமே உலகப் புகழ் பெற்றது. 1920களில் இங்கே வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தின் கிராமப் புனரமைப்பு நிலையத்தைத் தொடங்கிய அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைக் குடும்பம் ஒரே வருமானத்தை நம்பியிருப்பதே அதன் பெரும் ஆபத்து என்று கண்டார். தேனீ, கோழி, கைத்தொழில் எனப் பக்க வருமானங்களைக் கற்றுக்கொடுத்தார்; முட்டை விற்பனைக்குக் கூட்டுறவு கண்டார். தேனீ வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. ரப்பர் மரம் துளிர்க்கும் மாதங்களில் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பை நம் தேனீக்கள் திரட்டின. மார்த்தாண்டம் தேன் நாடெங்கும் சென்றது. ஆனால் 1991-92இல் தாய்லாந்துப் பை நோய் என்னும் நச்சுயிரி நோய் பரவி, தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. பெட்டிகள் வெறுமையாயின. மனந்தளராத சிலர், நோயில் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்து வளர்த்துத் தொழிலை மீட்டனர். பக்க வருமானமும் சாகலாம். பிழைத்ததிலிருந்து மீண்டும் தொடங்கலாம் என்ற இரு பாடங்களும் அதில் உள்ளன.

ஆறாவது, கூட்டு முயற்சி. கோட்டாறு சமூகப்பணிச் சங்கம் 1960களிலிருந்து இம்மாவட்டத்தில் ஆற்றிய பணிகளும், 1990களில் பெருகிய மகளிர் சுயஉதவிக் குழுக்களும், வட்டிக்காரரின் பிடியிலிருந்து பலரை விடுவித்தன. 2008 ஏப்ரலில் நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்த 100 நாள் வேலைத் திட்டம், ஆலை நின்றபோது கைக்கு ஒரு கூலியைத் தந்தது.

உள்ளத்தில் நிகழ்வது

1929-30இல் ஆஸ்திரியா நாட்டில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியன்தால் என்னும் சிற்றூரின் ஒரே ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் செய்செல் ஆகியோர் அங்குச் சென்று ஆராய்ந்து 1933இல் எழுதிய நூல் இன்றும் பயிலப்படுகிறது. வேலையற்றோருக்கு நேரம் மிகுந்திருந்தது. ஆயினும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. தெருவில் ஆண்களின் நடையே மெதுவாயிற்று. பெரும்பாலோர் கலகம் செய்யவில்லை, எதிர்பார்ப்பதையே நிறுத்திக்கொண்டனர்.

மார்த்தாண்டத்துப் பெண்களின் நிலை இதனோடு ஒத்தும் வேறுபட்டும் நிற்கிறது. மரியன்தாலில் வேலை ஒருமுறை போனது. இங்கோ, போய்ப் போய்த் திரும்பி வந்தது. ஒருமுறை இழந்தவர் அழுது, தேறி, வேறு வழி காண்பார். நாளை வரலாம் என்று காத்திருப்பவர் வேறு வழி தேடவும் துணிவதில்லை. போனபின் ஆலை திறந்துவிட்டால் தம் இடம் பறிபோகுமே என்ற கவலை. ஆகவே அச்சம் மனிதரைக் கட்டிப்போடுகிறது. கூலி குறைந்தாலும் கேட்கமாட்டார். கை புண்ணானாலும் சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவர் நீக்கப்பட்டாலும் தலைநிமிர்ந்து பார்க்கமாட்டார். அச்சத்தின் மிகக் கொடிய விளைவு வறுமையன்று. ஒருவரையொருவர் கைவிடச் செய்வதே.

இந்த அச்சம் இன்று அண்டி ஆபீஸோடு நிற்கவில்லை. வளைகுடா நாட்டில் விசாவைப் புதுப்பிப்பார்களா என்று எண்ணும் மகனுக்கும், பெங்களூரில் கணினி நிறுவனத்தில் பட்டியல் வெளிவரும் நாளை எண்ணும் மகளுக்கும் அது பொதுவாகிவிட்டது. கல்வி கற்று நல்ல சட்டை அணிந்து போனால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பலாம் என்று நினைத்தே, தல்லிச் சேர்த்த காசில் தாய்மார் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். பிள்ளைகளும் அதே கேள்வியை வேறு மொழியில் கேட்கின்றனர். ஒரு வேறுபாடு உண்டு. தாய்க்கு அது வெட்கமாகத் தோன்றவில்லை. ஊரே சேர்ந்து நின்றது. மகனோ வேலை போனதை வீட்டிலும் சொல்லாமல் மறைக்கிறான்.

மறைமுக முதலாளிகள்

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலைபற்றிச் சுற்றுமடல் வரைந்தார். அதன் 90ஆம் ஆண்டில், 1981 செப்டம்பர் 14ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் நமக்கு மிகவும் பயன்படும் கருத்து ஒன்று உண்டு. தொழிலாளிக்கு நேரடியாக வேலை தருபவர் ஒருவர். அவரைத் தவிர, வேலையின் நிலைமைகளைத் தீர்மானிக்கும் அரசுகள், நிறுவனங்கள், நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தங்கள் எல்லாம் மறைமுகமாக வேலை தருபவை; நீதி வழங்கும் கடமை அவற்றுக்கும் உண்டு என்கிறார். இதுகாறும் நாம் கண்ட வரலாறு அக்கருத்துக்கு உரை எழுதியது போல் இருக்கிறது. எல்லை வகுத்தவர், கூலி நிர்ணயித்தவர், வரி குறைக்கச் சொன்ன வங்கி, மலிவாகப் பருப்பு வேண்டும் என்ற தொலைநாட்டுக் கடைக்காரர் அனைவரும் ஒரு பெண்ணின் நாளைய கூலியில் கை வைத்திருந்தனர். அவர்களில் ஒருவரையும் அவர் கண்டதில்லை.

நாமும் அந்த வரிசையில் ஒரு சிறு இடத்தில் நிற்கிறோம். பண்டிகைக்குப் பருப்பு வாங்கும்போது விலையை மட்டும் கேட்பவர் நாம். பங்குத் திருவிழாவுக்கு ஆலைகள் மூடிய மாதத்திலும் அதே வரியைக் குறிப்பவர் நாம். வேலை போன இளைஞனிடம் 'இப்போ எங்கே வேலை?' என்று பலர் முன் கேட்பவரும் நாமே.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. ஒவ்வோர் அன்பியத்திலும் படித்தவர் ஒருவர், ஆலைக்குச் செல்லும் பெண்களின் வேலைநாட்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கத் துணை செய்யலாம்; 240 என்ற எண்ணின் பொருளை எடுத்துச் சொல்லலாம். வைப்புநிதிக் கணக்கில் பெயரும் பிறந்த நாளும் பிழையின்றி உள்ளனவா என்று பார்த்துக் கொடுக்கலாம். ஒரெழுத்துப் பிழையால் முதுமைக்கால ஓய்வூதியம் தடைப்பட்டுப் போவதுண்டு. ஆலைகள் நிற்கும் மாதங்களுக்கென வட்டியில்லாத சிறு நிதி ஒன்றைப் பங்கு வைத்திருக்கலாம். திரும்பக் கட்டும் கடனாக இருந்தால் வாங்குபவரின் மானமும் காக்கப்படும். வேலை இழந்ததைச் சொல்ல வருபவருக்கு அறிவுரை கூறுமுன் ஒரு நாற்காலியை எடுத்துப் போடலாம்.

திராட்சைத் தோட்ட உவமையில் மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றவர்களை நாம் சோம்பேறிகள் என்று எண்ணிவிடுகிறோம். அவர்கள் சோம்பியிருக்கவில்லை; அவர்களை யாரும் அழைக்கவில்லை. நாள் முழுவதும் 'அழைப்பார்களா?' என்று ஏங்கி நின்றதும் ஓர் உழைப்பே என்று தோட்ட உரிமையாளர் அறிந்திருந்தார் போலும். ஆகவேதான் அவர்களுக்கும் அன்றைய சோற்றுக்குரிய காசை முழுதாகத் தந்தார். அண்டி ஆபீஸின் பூட்டிய கதவுக்கு முன் நின்று திரும்பிய நாட்களை, நம் ஊர்ப் பெண்களின் உழைப்புக் கணக்கில் நாமாவது சேர்த்து எழுதுவோம்.